வாசல்வரை வந்து திரும்பிய சோறு

கெல்ஸ்டர்பாஹ் நகரில் இமெல்டா குடியிருந்த வீடு நான்காம் மாடியில் இருந்தது. மின்தூக்கி இல்லாத பழைய கட்டடம். சமையலறைச் சாளரத்தைத் திறந்தால் கீழே தெருவும், தெருமுனையில் ரொட்டி சுடும் வெதுப்பகமும், அதற்கப்பால் தாழப் பறந்து இறங்கும் விமானங்களின் வயிறும் தெரியும். 2020ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில், கணவனை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளின் மதியத்தில், அந்தச் சாளரத்தருகே நின்றுதான், தனக்கென்று வந்த சோறு வாசல்வரை வந்து திரும்பிப் போனதை அவள் பார்த்தாள்.

பென்ஜமின் மாரடைப்பால் இறந்தார். தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர், சாய்ந்தபடியே போய்விட்டார். கொரோனாவுக்கும் அந்தச் சாவுக்கும் தொடர்பில்லை என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார்; பரிசோதனையும் அதையே சொன்னது. ஆனால், இமெல்டா பிராங்பேர்ட் விமான நிலையத்தில் வேலை செய்கிறவள். நடக்க இயலாத பயணிகளைச் சக்கர நாற்காலியில் இருத்தி, விமானத்தின் கதவிலிருந்து வெளிவாசல்வரை தள்ளிக்கொண்டு போவது அவளுடைய வேலை. நோய் விமானத்தில்தான் வருகிறது என்று தொலைக்காட்சி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வேலையையும் இந்தச் சாவையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க ஊருக்கு நெடுநேரம் பிடிக்கவில்லை.

முதல் முடிச்சைப் போட்டவர் செல்வரட்ணம். பிராங்பேர்ட்டிலும் சுற்றூர்களிலும் வாழும் தமிழ்க் கத்தோலிக்கரின் சபைக்கு நெடுங்காலமாக அவரே தலைவர். அவரைக் கெட்டவர் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். அகதிகளாக வந்திறங்கியவர்களை அலுவலகம் அலுவலகமாக அழைத்துச் சென்று, அதிகாரிகளுடன் ஜெர்மன் மொழியில் வாதாடி வென்றவர் அவர். இமெல்டாவுக்கும் பென்ஜமினுக்கும் இந்த வீட்டைத் தேடிக் கொடுத்தவரும் அவரே. ஆகவே, அவர் ஒன்றைச் சொன்னால் சபை அதற்கு மேல் கேள்வி கேட்பதில்லை.

அன்று காலையில் சபையின் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய குரல் வந்தது.

"பென்ஜமினுக்காக எல்லாரும் அவரவர் வீட்டில இருந்து செபிப்பம். இமெல்டா வீட்டுப் பக்கம் ஒருத்தரும் போகவேண்டாம். வாசலிலகூட ஒண்டும் கொண்டுபோய் வைக்கவேண்டாம். அவ வேலை செய்யிற இடம் அப்பிடி. எங்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கு."

அந்தக் குழுவில் இமெல்டாவும் இருக்கிறாள் என்பதை அவர் மறந்திருந்தார். அடக்கத்துக்குப் புறப்படுமுன், கணவருக்குக் கடைசியாக உடுத்தவேண்டிய சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தபோது அவள் அதைக் கேட்டாள்.

கல்லறைக்கு ஆள் வராததை அவள் குறையாகக் கொள்ளவில்லை. அது அரசின் கட்டளை. குருவானவரும் குழி வெட்டியவர்களும் அவளும் நின்றார்கள், அவ்வளவுதான். ஆனால், சோறு வேறு விடயம். சாவு நிகழ்ந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. மன்னாரிலும் சரி, யாழ்ப்பாணத்திலும் சரி, வேதக்காரரான கிறிஸ்தவருக்கும் சைவருக்கும் இது பொது. அயலவர் சமைத்துக் கொண்டுவருவார்கள்: சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, ஒரு ரசம். மீனோ இறைச்சியோ, மச்சம் எதுவும் இராது, வாசனைக்காகத் தாளிப்பதும் இல்லை. பசி தீர்ப்பதற்கு மட்டும் கொடுப்பதன்று அது. உங்கள் வீட்டு நெருப்பு அணைந்திருக்கும்வரை எங்கள் வீட்டு நெருப்பு உங்களுக்காகவும் எரியும் என்று, வாயைத் திறவாமல் சொல்லும் முறை அது. ஜெர்மனிக்கு வந்தும் இந்த வழக்கத்தை எவரும் கைவிடவில்லை. இமெல்டாவே எத்தனையோ வீடுகளின் படிகளில் சட்டி சுமந்து ஏறியிருக்கிறாள். செல்வரட்ணத்தின் தகப்பனார் ஊரில் காலமான செய்தி வந்த அன்று, அவர் வீட்டு அழைப்பு மணியை முதலில் அழுத்தியவள் அவள்தான்.

எனவே, காலையில் அந்தக் குரலைக் கேட்டிருந்தபோதிலும், அந்த மதியத்தில் செல்வரட்ணத்தின் சாம்பல் நிறக் கார் தெருவுக்குள் வந்தபோது இமெல்டாவுக்கு வியப்பு ஏற்படவில்லை. ஓட்டி வந்தவள் அவருடைய மனைவி சுஜீவா. அகதி முகாமில் ஒரே அறையில், ஒரே அடுக்குக் கட்டிலில் மேலும் கீழுமாகப் படுத்துக் காலத்தை ஓட்டியவர்கள் அவளும் இமெல்டாவும். காரின் முன்னிருக்கையில் துவாயால் கட்டிய சட்டி ஒன்று இருந்தது. அதற்கும் இருக்கைப் பட்டி போட்டிருந்தாள். சுஜீவா தன் பட்டியைக் கழற்றினாள். கதவில் கை வைத்தாள். அப்போது அவளுடைய தொலைபேசி ஒலித்தது. எடுத்தாள், பேசினாள், தலையை உயர்த்தி நான்காம் மாடிச் சாளரத்தைப் பார்த்தாள். பிறகு பட்டியை மறுபடி மாட்டினாள். கார் வெதுப்பகத்தின் முன் வளைந்து திரும்பிப் போயிற்று.

இமெல்டா உள்ளே வந்தாள். கணவனைப் புதைத்த அன்றே, தன் கையால் தன் அடுப்பை மூட்டினாள். அரிசி கொதிக்கும் வரையில் அதன் முன்னே நின்றாள். அழுகை வரவில்லை. ஓர் எண்ணம் மட்டுமே வந்தது. வந்தது போகவும் இல்லை. செல்வரட்ணம் ஒரு நாள் இப்படி மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கவேண்டும். அன்று அவர் வீட்டு மணி ஒலிக்கக் கூடாது.

செபமாலையின் ஒவ்வொரு பத்து மணிகளின் முடிவிலும் அந்த எண்ணம் வந்து நின்றது. பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னவள் அதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால், அதை விட்டுவிடும்படி குருவானவர் கேட்பார். விட்டுவிட அவளுக்கு விருப்பமில்லை.

*

அடுத்த ஆண்டு கார்த்திகையில் விமானங்கள் மறுபடி நிறைந்து வரத் தொடங்கியிருந்தன. ஒரு பகற்பொழுதில், வேலை மேற்பார்வையாளரான திருமதி பிராண்ட் இமெல்டாவை அழைத்தார்.

"தோகாவிலிருந்து வந்த விமானத்தில் ஒரு நோயாளி இருக்கிறார். கடைசி வரிசையில் தனியாக இருத்தியிருக்கிறார்களாம். கொழும்பிலிருந்து வருகிறவர். ஜெர்மன் தெரியாதாம், ஆங்கிலமும் தெரியாதாம். தமிழ் பேசுகிற ஒருவரைக் கேட்கிறார். உங்களால் போக முடியுமா? விருப்பமில்லையென்றால் வற்புறுத்தமாட்டேன்."

"போகிறேன்" என்றாள் இமெல்டா. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அவள் எந்த நாற்காலியையும் மறுத்ததில்லை. அவளுடைய ஜெர்மன் மொழியே அந்த நாற்காலிகளில் இருந்த மூதாட்டிகள் திருத்தித் திருத்திக் கொடுத்தது.

விமானத்தை ஓடுபாதைக்கு அண்மையில் ஒதுக்குப்புறமாக நிறுத்தியிருந்தார்கள். ஏனைய பயணிகள் முன்கதவால் இறங்கிப் போயிருந்தனர். இமெல்டா வெள்ளைப் பாதுகாப்பு அங்கியும், கையுறையும், முகக்கவசமும், அதன்மேல் ஒளிபுகும் முகத்திரையும் அணிந்து, நாற்காலியுடன் தூக்குவண்டியில் ஏறினாள். அவளுடன் விமான நிலையத்தின் இளம் பெண் மருத்துவர் ஒருவரும் வந்தார். வண்டியின் மேடை மெல்ல உயர்ந்து பின்கதவைத் தொட்டது.

கடைசி வரிசையில், கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு இருந்தவர் செல்வரட்ணம்.

முகக்கவசம் மூக்கை மறைத்திருந்தும் அவளுக்கு ஐயம் எழவில்லை. மண்ணிறத் தொப்பி, சிலுவை பொறித்த மோதிரம், எவரையும் முதலில் பேசவிடாத அந்தக் கண்கள். கண்கள் மட்டும் இன்று பழுத்துச் சிவந்திருந்தன. ஜெர்மன் தெரியாதாம். அகதி அலுவலகத்தில் மேசையைத் தட்டி ஜெர்மன் இலக்கணப்படி சண்டை போட்ட மனிதருக்கு, காய்ச்சல் வந்ததும் மொழி மறந்துவிட்டதாம். இமெல்டாவுக்கு அந்தக் கணக்கு உடனே விளங்கியது. மொழி தெரியாது என்றால் தமிழர் ஒருவரை அழைப்பார்கள். தமிழர் என்றால் நம்மவர். நம்மவர் என்றால், தான் சொல்வதைத் தனக்கு வேண்டியபடி மாற்றிச் சொல்லிவிடுவார்.

"பிள்ளை தமிழோ?" என்று கேட்டார் செல்வரட்ணம்.

"ஓம்."

"ஆண்டவர் அனுப்பினவர். எந்த இடம் பிள்ளை?"

"மன்னார்."

"பாத்தியோ, எங்கட ஆள்." அவர் முகக்கவசத்துக்குள் சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. "இஞ்ச கேள் பிள்ளை. இது சும்மா தடிமன், சளி எண்டு இந்த டொக்டர் பெட்டைக்குச் சொல்லிவிடு. ஏற முதலே காய்ச்சல் இருந்தது, பனடோல் போட்டு அமத்திக்கொண்டு வந்தது, அதுகளைச் சொல்லிப்போடாதை. விளங்கிச்சோ?"

"விளங்கிச்சு."

மருத்துவர் குனிந்து, காய்ச்சல் எப்போது தொடங்கியது என்று கேட்கும்படி இமெல்டாவிடம் சொன்னார்.

"காய்ச்சல் எப்ப தொடங்கினது எண்டு கேக்கிறா, அண்ணை."

"அதுதான் சொன்னனே. நான் சொன்னதைச் சொல்லு."

இமெல்டா நிமிர்ந்தாள். மருத்துவரை நோக்கி, நல்ல ஜெர்மன் மொழியில், ஒவ்வொரு சொல்லையும் பிரித்துச் சொன்னாள்.

"தான் சொன்னதையே சொல்லும்படி இவர் கேட்கிறார். இவர் சொன்னது இதுதான்: ‘இது சும்மா தடிமன் என்று இந்த மருத்துவப் பெட்டைக்குச் சொல்லிவிடு. விமானத்தில் ஏறுவதற்கு முன்பே காய்ச்சல் இருந்ததையும், பனடோல் மாத்திரை போட்டு அதை அமத்திக்கொண்டு வந்ததையும் சொல்லிவிடாதே.’ நான் எதையும் கூட்டவில்லை, எதையும் குறைக்கவில்லை."

செல்வரட்ணத்தின் கண்கள் அகன்றன. ஒவ்வொரு சொல்லும் அவருக்கு விளங்கியது. மறுத்துப் பேச வாய் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். எந்த மொழியில் மறுப்பது? ஜெர்மன் தெரியாது என்று சற்று முன்னர்தான் விமானப் பணிப்பெண்ணிடம் கையை விரித்துக் காட்டியிருந்தார். அந்தப் பணிப்பெண்ணும் இடைவழியில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை சொன்னனீ?" என்று தமிழில் முனகினார்.

"நீங்கள் சொன்னதைத்தான், அண்ணை."

"நான் சொன்னதையோ?"

"ஒரு சொல்லும் விடேல்லை. உங்களுக்குத்தானே ஜெர்மன் தெரியாது, ஏன் வேர்க்கிறியள்?"

மருத்துவர் குறிப்பெடுத்துக்கொண்டே, எத்தனை குளிசை போட்டார் என்று கேட்டார். இமெல்டா கேட்டாள். செல்வரட்ணம் அவளுடைய கையுறையைப் பற்றினார். குரல் தாழ்ந்தது.

"பிள்ளை, உனக்கு விளங்கேல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கட சபைத் திருநாள். ஆயர் வாறார். நான்தான் தலைவர், நான் இல்லாட்டி ஒண்டும் நடவாது. அதை விடு. கொரோனா வருத்தம் எண்டு ஒரு காதில விழுந்தால் காணும், ஒருத்தரும் என்ர வாசலை மிதியாங்கள். மனுசி தனிய. ஒரு பிடி சோறுகூடக் கொண்டுவந்து வையாங்கள். உனக்கு எங்கட சனத்தைத் தெரியாது."

"உங்களுக்கு எப்பிடி அண்ணை அவ்வளவு நல்லாத் தெரியும்?"

அவர் அவளுடைய கையுறையை விட்டார். அவர் சொன்னதையும் இமெல்டா மருத்துவருக்கு மொழிபெயர்த்தாள். நோயுற்றவர் வீட்டுக்குத் தம் மக்கள் உணவு கொண்டுவரமாட்டார்கள் என்று இவர் அஞ்சுகிறார் என்றாள். "அப்படி யாராவது செய்வார்களா?" என்று அந்த இளம் மருத்துவர் உண்மையாகவே கேட்டார். "செய்வார்கள்" என்றாள் இமெல்டா.

மருத்துவர் அவருடைய விரலில் சிறிய கருவியொன்றைப் பொருத்தினார். அதில் தோன்றிய எண்ணைப் பார்த்தார். கழற்றி, வேறு விரலில் பொருத்திப் பார்த்தார். அதன்பின் மருத்துவரின் குரலில் இருந்த இனிமை போய்விட்டது. ஒட்சிசன் உருளையைக் கொண்டுவரச் சொன்னார். நோயாளி உட்கார்ந்து கதைப்பதே வியப்பு என்றும், ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது என்றும் சொன்னார். அதையும் இமெல்டா அப்படியே தமிழில் சொன்னாள். கடும் நோயாளி ஒருவரிடம் மெல்லச் சொல்லவேண்டிய செய்தியை அவள் மெல்லச் சொல்லவில்லை.

பிறகு அவரை நாற்காலிக்கு மாற்றினாள். கால்களைத் தாங்கியில் வைத்தாள். கம்பளியைச் சக்கரத்தில் சிக்காதபடி சுற்றிவிட்டாள். தடையை இருமுறை சரிபார்த்தாள். அவள் மனத்தில் என்ன இருந்தபோதிலும், வேலையில் பிழை விடுகிறவள் அல்லள். தூக்குவண்டியின் மேடை இறங்கத் தொடங்கியது. திறந்த வெளியின் குளிர்காற்று இருவர் மீதும் வீசியது. மூக்கில் ஒட்சிசன் குழாயோடு, செல்வரட்ணம் முதன்முறையாக அவளை உற்றுப் பார்த்தார்.

"நீ ஆர் பிள்ளை?"

இமெல்டா குனிந்தாள். முகத்திரை அவருடைய தொப்பியைத் தொட்டது.

"பென்ஜமின்ர மனுசி."

அவர் கண்களை மூடிக்கொண்டார். கீழே நோயாளர் வண்டி காத்திருந்தது. அதன் கதவு அவருக்குப் பின்னால் மூடியபோது எழுந்த ஓசையை, அங்கியைக் கழற்றும்போதும், வீட்டுக்குத் திரும்பும் தொடர்வண்டியிலும், இமெல்டா மனத்துக்குள் திரும்பத் திரும்பக் கேட்டு இன்புற்றாள்.

*

திருநாள் அவர் இல்லாமலே நடந்தது. ஆயரும் வந்து போனார். செல்வரட்ணம் மூச்சுப்பொறியின் துணையோடு மருத்துவமனையில் கிடந்தார். அவர் தம் வீட்டுக்குள் காலடிகூட வைக்கவில்லை. விமானத்திலிருந்து நேரே கட்டிலுக்குப் போனவர். ஆயினும், சுஜீவாவின் வாசலுக்கு ஒருவரும் போகவில்லை. போகவேண்டாம் என்று எவரும் சொல்லவும் இல்லை. சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. அவர் கற்றுக்கொடுத்திருந்தார், சபை நன்றாகக் கற்றிருந்தது. வாட்ஸ்அப் குழுவில் கூப்பிய கைகளின் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. இமெல்டாவும் ஒரு சோடி கைகளை அனுப்பினாள்.

ஒரு மாலையில் சுஜீவா அவளைத் தொலைபேசியில் அழைத்தாள். மேசையில் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்த தொலைபேசியைப் பார்த்தபடியே இமெல்டா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அது ஓய்ந்த பிறகு, அதைக் கவிழ்த்து வைத்தாள். அன்று மீன் மிகவும் சுவையாக இருந்தது என்பதை அவளால் மறுக்க முடியாது.

இத்தோடு முடிந்திருந்தால் அவள் நிறைவோடு இருந்திருப்பாள். ஆனால், செல்வரட்ணம் பிழைத்துக்கொண்டார். மார்கழியில் குழுவில் மறுபடி அவர் குரல் வந்தது. குரல் மெலிந்திருந்தது, அதிகாரம் மெலியவில்லை.

"எல்லாரும் கேளுங்கோ. அண்டைக்கு நான் வீட்டை போய்ப் படுத்திருந்தால் எழும்பியிருக்கமாட்டன் எண்டு பெரிய டொக்டரே சொன்னவர். நான் வருத்தத்தை மறைக்கப் பாத்தனான். எங்கட இமெல்டாதான் மறைக்க விடாமல் உண்மையைச் சொல்லி என்ர உயிரைக் காப்பாத்தினவ. அவவுக்கு நான் என்ன கைம்மாறு செய்வன்."

அடுத்த ஞாயிறு கோவில் வாசலில் இமெல்டாவைச் சூழ்ந்துகொண்டார்கள். பென்ஜமின் இறந்தபின் அவள் இருந்த வாங்குப் பலகையில் இடைவெளி விட்டே இருந்த பெண்கள், இப்போது அவளுடைய கையைப் பிடித்துப் பிடித்து முத்தமிட்டார்கள். ஒருத்தி அவளை வானதூதராகவே ஆக்கி, "நீ ஒரு சம்மனசு" என்றாள். இமெல்டா கையை உருவிக்கொண்டாள். அவள் செல்வரட்ணத்துக்குக் கொடுத்தது பழி. அதை அவர் வாங்கவேயில்லை. நன்றி என்று பெயர் மாற்றி, ஊர் முழுவதற்கும் காட்டிவிட்டார். தன் சொத்து ஒன்றைக் கண்முன்னே வேறொருவர் எடுத்து அணிந்துகொண்டு போவதைப் போல இருந்தது அவளுக்கு.

பங்குனியில் அவரே அழைத்தார்.

"இமெல்டா, எனக்கு நித்திரை வருகுதில்லை. உன்ர வாசலுக்கு ஒருத்தரையும் விடாதவன் நான். நீ என்னைக் காப்பாத்தினனீ. இதை நான் எப்பிடித் தீர்ப்பன்?"

"தீர்க்கலாம், அண்ணை" என்றாள் அவள். குரலில் அவ்வளவு மென்மை எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "சித்திரையில அவரை அடக்கம் செய்த நாள் வருது. அண்டைக்குத் திரும்பிப்போன சாப்பாட்டைக் கொண்டுவாங்கோ. அதே சாப்பாடு. அக்கா சமைக்கட்டும், நீங்கள் காரை ஓடிக்கொண்டு வாங்கோ. நாலு மாடியும் நீங்கள்தான் தூக்கிக்கொண்டு ஏறவேணும்."

மறுமுனையில் அவர் விம்முவது கேட்டது. "கட்டாயம் வாறன் தங்கச்சி. கட்டாயம் வாறன்."

மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று அவர் நினைத்தார். நினைக்கட்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.

*

அந்த நாளில் இமெல்டா காலையிலிருந்தே அடுப்பு மூட்டவில்லை. தேநீருக்குக்கூட வெந்நீர் வைக்கவில்லை. கல்லறைக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு வந்து, சாளரத்தருகே கதிரையைப் போட்டு அமர்ந்தாள். மதியத்தில் சாம்பல் நிறக் கார் தெருவுக்குள் வந்தது. அதே இடத்தில் நின்றது. இம்முறை ஓட்டி வந்தவர் செல்வரட்ணம். சுஜீவா பக்கத்து இருக்கையில், மடியில் துவாயால் கட்டிய சட்டியோடு இருந்தாள்.

செல்வரட்ணம் பட்டியைக் கழற்றினார். கதவில் கை வைத்தார்.

இமெல்டா தொலைபேசியில் அவருடைய எண்ணை அழுத்தினாள்.

"தங்கச்சி, வந்திட்டம். கீழதான் நிக்கிறம்."

"தெரியுது. அக்காவுக்கும் கேக்கிற மாதிரிப் போடுங்கோ."

"கேக்குது, கேக்குது. காரின்ர ஸ்பீக்கரிலதான் கதைக்கிறன்."

"நல்லது. காரைத் திருப்பிக்கொண்டு போங்கோ, அண்ணை."

அவர் தலையை உயர்த்தி, சாளரத்தைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"ஏன், இமெல்டா?"

"அண்டைக்கு அக்காவும் ஏன் எண்டு கேட்டிருப்பா. என்ன சொன்னனீங்கள்?"

அவர் தலையைத் தாழ்த்தி, சுஜீவாவைப் பார்த்தார்.

"எனக்குச் சொல்லவேண்டாம். பக்கத்தில இருக்கிறவவுக்குத் திருப்பிச் சொல்லுங்கோ. எனக்குக் கேட்டால் காணும்."

"அதை ஏன் இப்ப..."

"நீங்கள் சொன்னதை நான் ஒரு சொல்லும் விடாமல் சொன்னனான், அண்ணை. நீங்களும் விடாமல் சொல்லுங்கோ."

அவருடைய மூச்சு தொலைபேசியில் இழுத்து இழுத்துக் கேட்டது. நோய் அந்த மூச்சை முழுவதுமாகத் திருப்பித் தந்திருக்கவில்லை.

"‘செத்தவன் செத்திட்டான், இருக்கிறவையைப் பாப்பம்’ எண்டு சொன்னன்" என்றார். "‘பேசாமல் காரைத் திருப்பு’ எண்டு சொன்னன்."

"அதுதான். பேசாமல் காரைத் திருப்புங்கோ."

அவர் திருப்பினார். வெதுப்பகத்தின் முன்னே கார் மெல்ல வளைந்தது. முன்பு வளைந்த அதே வளைவு. இமெல்டா சாளரக் கட்டையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, கண் இமைக்காமல் பார்த்தாள். இந்தக் காட்சியை மனத்துக்குள் எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருந்தாளோ, அத்தனைக்கும் குறையாத இனிமை அதில் இருந்தது.

கார் திடீரென்று நின்றது. பக்கத்துக் கதவு திறந்தது. சுஜீவா சட்டியோடு இறங்கினாள். உள்ளிருந்து அவர் ஏதோ சொன்னார். அவள் காலால் கதவைத் தள்ளிச் சாத்தினாள். தெருவைக் குறுக்கே கடந்து, நிமிர்ந்து பாராமல், நேரே கட்டடத்தின் வாசலுக்கு வந்தாள்.

அழைப்பு மணி ஒலித்தது.

இதை இமெல்டா எண்ணிப் பார்க்கவில்லை. மணி மறுபடியும் ஒலித்தது. அவள் கீழ்வாசலோடு பேசும் கருவியை எடுத்தாள்.

"ஆர்?"

"ஆரோ. கை சுடுது, திற."

திறக்காமல் விடலாம். விட்டால், இன்று செய்ததெல்லாம் பழுதில்லாமல் முடியும். இமெல்டா பொத்தானின் மேல் விரலை வைத்தபடி நின்றாள். சுஜீவா மூன்றாம் முறையும் மணியை அழுத்தினாள். இம்முறை வைத்த விரலை எடுக்கவேயில்லை. இமெல்டா பொத்தானை அழுத்தினாள்.

நான்கு மாடியும் ஏறி வந்த சுஜீவா, வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். நரை அதிகமாகியிருந்தது. சட்டியை இமெல்டாவிடம் கொடுக்காமல் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"உனக்கு அந்தாளில கோவம். சரி. எனக்கும்தான். அதுக்காக என்ர சோத்தை எத்தினை தரமடி திருப்புவியள், ரெண்டு பேரும் சேர்ந்து?"

இமெல்டா கதவை இன்னும் அகலத் திறந்தாள்.

"அண்டைக்கு நீங்கள் இறங்கியிருக்கவேணும், அக்கா."

"ஓம். இறங்கியிருக்கவேணும்." சுஜீவா சுவரில் தோளைச் சாய்த்தாள். "அந்தச் சோத்தை வீட்டை கொண்டுபோய் ஒருத்தரும் தின்னேல்லை. குப்பையில கொட்டினன். நான் தனியக் கிடக்கேக்க உனக்குப் போன் எடுத்தன், நீ தூக்கேல்லை."

"ஓம். தூக்கேல்லை. மீன் பொரிச்சுக்கொண்டிருந்தனான்."

சுஜீவா அவளைப் பார்த்தாள். சிரிப்பென்று சொல்ல முடியாத ஒன்று அவளுடைய வாயோரத்தில் தோன்றி மறைந்தது.

"நல்ல பெட்டைதான் நீ. சாப்பாட்டுக் கோப்பையை எடு."

இமெல்டா சோறு உண்ணும் கோப்பைகள் இரண்டை எடுத்து வைத்தாள். துவாயை அவிழ்த்தபோது சட்டியின் சூடு இன்னும் ஆறியிருக்கவில்லை. சட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த தட்டுகளில் சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் வேறு வேறாக இருந்தன. ரசம் போத்தலில் இருந்தது. தாளிப்பு இல்லை, மச்சம் இல்லை. துக்க வீட்டுக்கு எப்படிச் சமைக்கவேண்டுமோ அப்படியே சமைத்திருந்தாள். இமெல்டா முதற்கவளத்தை எடுத்தாள். அதை வாயில் வைத்து நெடுநேரம் மென்றாள். சுஜீவா பார்த்தும் பாராதவள் போல, தன் கோப்பையில் பருப்பை ஊற்றிக்கொண்டாள்.

சுஜீவாவின் தொலைபேசி ஒலித்தது. அவள் கேட்டுவிட்டு, தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள்:

"கீழ நிக்கிறாராம். ஏறி வரட்டோ எண்டு கேக்கிறார். காலமையில இருந்து அவரும் ஒண்டும் வாயில வைக்கேல்லை. துக்க நாளாம், உன்னோட சேர்ந்து சாப்பிடுவமெண்டு இருந்தவர்."

இமெல்டா எழுந்து போய்ப் பார்த்தாள். சாம்பல் நிறக் கார் வெதுப்பகத்தின் முன்னே, போகும் திசையை நோக்கி நின்றது. போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. செல்வரட்ணம் வெளியே இறங்கி, காரில் சாய்ந்து, தொலைபேசியைக் காதில் வைத்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பி இல்லாத தலை மிகச் சிறியதாகத் தெரிந்தது.

"என்ன சொல்ல?" என்று கேட்டாள் சுஜீவா.

"நாங்கள் சாப்பிட்டு முடிச்சாப் பிறகு சொல்லுவம்."

"அதுக்குக் கனநேரம் செல்லும்" என்றாள் சுஜீவா. தொலைபேசியை அணைத்துத் தன் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். "ஆறுதலாச் சாப்பிடு. சோறு நிறையக் கிடக்கு."

பூசணிக்காய்க் கறியின் மணம் நான்கு மாடிக்குக் கீழே போய்ச் சேருமா என்று இமெல்டாவுக்குத் தெரியாது. ஆனாலும், உட்காருவதற்கு முன் சாளரத்தை அகலத் திறந்து வைத்தாள்.